த்ருஷ்டாந்தத்தில் மறைந்து நிற்கும் கொள்கை

புகையைக் கொண்டு நெருப்பை அநுமானிக்கலாம். நெருப்பைக் கொண்டு புகையை அநுமானிக்கலாகாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. ஈர விறகின் சேர்க்கை என்னும் சொல்லப்படாத நிபந்தனை அங்கே வேண்டும். இதனையே தார்க்கிகர் உபாதி என்பர். வாதத்தில் சொல்லாமல் கொள்ளப்பட்டதைத் தேடும் இவ்வழக்கம் நம் பாஷ்யத்திலும் விளங்குகிறது.

பஞ்சபாதிகா விவரணம் இயற்றிய ப்ரகாசாத்மர், பாவரூப அஜ்ஞானத்தை ஸாதிக்க ஓர் அநுமானம் கூறினார். ப்ரமாண ஜ்ஞானம் முன்பு விளங்காத பொருளை விளக்குகிறது. ஆதலால் அப்பொருளை மறைத்திருந்த பாவவஸ்து ஒன்று அதற்கு முன்னே இருந்திருக்க வேண்டும். இருளில் முதலில் தோன்றும் தீப ஒளி போல என்பது அது. இது நிலைபெறின் ப்ரஹ்மமே அவித்யையால் மறைக்கப்பட்டதாகும். அதன் கல்யாணகுணங்களும் கற்பிதமாய் முடியும்.

எம்பெருமானார் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் இதனைப் பூர்வபக்ஷமாக எடுத்துப் பரிஹரித்தருளினார். விளக்குதல் தீபத்துக்கும் ஜ்ஞானத்துக்கும் ஒன்றே என்பது இங்கே மறைந்து நிற்கும் கொள்கை. பொருளை விளக்குவது ஜ்ஞானமே. தீபமோ இருளை விலக்கிக் கண்ணுக்கு உபகரிக்கும், அவ்வளவே. ஆகவே த்ருஷ்டாந்தத்தில் ஹேது இல்லை. மேலும், அஜ்ஞானத்தைக் காட்டும் இவ்வநுமான ஜ்ஞானமும் விளங்காததை விளக்குவதே. அதே ஹேதுவால் அவ்வஜ்ஞானத்தை மறைக்கும் மற்றோர் அஜ்ஞானம் ஸித்திக்கும். அதனை இசையாவிடில் ஹேது அநைகாந்திகமாம்.

நாதமுனிகளின் ந்யாயதத்த்வம் இன்று கிடைத்திலது. வேதாந்த தேசிகர் (1268–1369) ந்யாயபரிசுத்தியில் அம்மரபை விரித்தருளினார். பூர்வபக்ஷம் வாசிப்போர் ஹேதுவோடு நில்லாமல், த்ருஷ்டாந்தத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கின்றதா என ஆராய்தல் வேண்டும்.