மூங்கிற்கோலும் கண்ணாடிக்கோலும்

தூண்டிற்கோலுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். நீண்ட மூங்கிற்கழி, அதன் தலையில் இறுகக் கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு முள், இரையை இட்டுவைக்க ஒரு தோற்பை, இவ்வளவும் அவனிடம் உண்டு. இரையைக் கவ்வி, வாய் பிளந்து தப்பிய வாளை மீன் ஒன்று, பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டுங்கூட அஞ்சுகிறதாம். மீன் எப்படித் தப்பியது என்பதைப் புலவர் விளக்கவில்லை. கோல் போதிய அளவு வளைந்து கொடுத்திராது என்பது என் ஊகம்.

இந்தப் பழங்கதையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்தமான் தீவுகளில், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரிலே, நம்மவர் பலர் வாழ்கின்றனர். இந்த நூற்றாண்டிலே அத்தீவுகளுக்கு, பெரும் பாரை மீனைத் தூண்டிலிற் பிடித்துப் பார்த்துத் திரும்பக் கடலில் விடுவதற்கென்றே வெளிநாட்டாரும் வெளிமாநிலத்தாரும் வரத் தொடங்கினர். அவர்களை ஏற்றிச் செல்லும் படகுகளில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களும் உண்டு. ஒடிந்த கோலைச் செப்பனிடுவதும், வெறுங்கோல் வாங்கி வளையமும் கைப்பிடியும் தாமே பூட்டிக்கொள்வதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அந்த வெறுங்கோலைத்தான் மீன்பிடிப்போர் 'பிளாங்க்' என்பர். கண்ணாடி நாரினாற் செய்த பிளாங்க் வாங்குவதா, கரிநாரினாற் செய்ததை வாங்குவதா என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். கண்ணாடி பழையது, கரி புதியது, ஆகவே புதியதே மேல் என்பது அவர் நண்பர்களின் கட்சி. அது சரியா என்பதற்கு விடை கோலின் வரலாற்றிலேதான் இருக்கிறது.

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று அவ்வரலாற்றில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட சிறந்த தூண்டிற்கோல்கள் நம் நாட்டு மூங்கிலால் ஆனவை. அம்மூங்கிலை அவர்கள் 'கல்கத்தா பிரம்பு' என்றே அழைத்தனர். நாம் கல் மூங்கில் என்று சொல்லும், உட்டுளை குறைந்த வகையே அது என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். கரிந்த புள்ளிகள் படிந்த அந்தக் கழிகள் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளர் 1840-களில் மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கி, ஒட்டிக் கோல் செய்தார். பிறகு ஹைரம் லெனர்டு என்பவர் ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டும் முறையைப் பெருக்கினார். மூங்கிலின் வலிமையெல்லாம் அதன் மேற்றோலுக்கு அடுத்த நாரிலேயே இருக்கிறது என்பதைக் கண்டு, அந்த நாரை மட்டும் வைத்துக்கொண்டு உட்பகுதியைச் செதுக்கியெறிந்ததே அவர்கள் செய்த நுட்பம்.

இதே காலத்தில் சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் கோல்கொண்டு மீன்பிடிப்பது பற்றிய தம் நூலை 1873-இல் வெளியிட்டார். சென்னைப் படையின் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, அந்தமான் கடல் மீன்களைப் பற்றி 1870-இல் ஒரு கட்டுரை எழுதினார். மீனை ஆராய்ந்தவரும் கோலை ஆராய்ந்தவரும் சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர்களாய் இருந்தும், அந்தமான் கடலுக்கு ஏற்ற கோல் எது என்ற கேள்வி அன்று எழவேயில்லை. அத்தீவுகள் 1858 முதல் கைதிகளின் குடியிருப்பாய் இருந்தன. அங்கே விளையாட்டுக்கு மீன்பிடிப்பார் யார்? தீவின் பழங்குடியினரோ வில்லும் அம்பும் கொண்டு ஆழமற்ற நீரில் மீனை எய்தனர். பெண்கள் கைவலை கொண்டு பிடித்தனர்.

கல்கத்தா மூங்கிலின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டோங்கின் மூங்கில்' அதன் இடத்தைப் பிடித்தது. கணு தாழ்ந்து, நார் அடர்ந்து, நேராக வளர்வது அது. அதைத் தாவரவியலார் மக்ளூர் 1931-இல் ஆராய்ந்து பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், கல்கத்தா மூங்கில் கல்கத்தா நகரில் விளைந்ததன்று. டோங்கின் மூங்கிலும் டோங்கினில் விளைந்ததன்று, தென்சீனத்துக் குவாங்டுங் பகுதியில் விளைந்தது. வணிகர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அதன் பின் வந்தது கண்ணாடி. உருகிய கண்ணாடியை மயிரிழைபோல் நூற்கும் தொழில் 1930-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. மின்சாரக் கம்பிகளுக்குக் காப்பாக அமைக்கவே அதன் ஒரு வகை முதலில் செய்யப்பட்டது. இன்றும் அவ்வகைக்கு 'ஈ கிளாஸ்' என்றே பெயர். யுத்த காலத்தில் அந்த இழையைப் பிசினில் தோய்த்து விமானப் பாகங்கள் செய்தனர். ஆர்தர் ஹோவல்டு என்ற ரசாயன நிபுணர் தம் மூங்கிற்கோலின் நுனி ஒடிந்தபோது, யுத்தத்தால் மாற்று நுனி கிடைக்காமையால் கண்ணாடி இழையைக் கொண்டே ஒன்று செய்துகொண்டார் என்று சொல்வர். அவர் கண்ட முறையைக் கொண்டு ஷேக்ஸ்பியர் கம்பெனியார் 1947-இல் கண்ணாடிக்கோலை விற்பனைக்குக் கொணர்ந்தனர். கொரிய யுத்தத்தில் சீனம் இறங்கியதும், 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனத்தோடு வாணிபத்தை நிறுத்தியது. டோங்கின் மூங்கில் வரவில்லை. கண்ணாடி மூங்கிலை வென்றதற்கு அதன் குணம் பாதிக் காரணமென்றால், அரசியல் மீதிப் பாதி. 1971-இல் அத்தடை நீங்கியபோது மூங்கிற்கோல் செய்வோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

கண்ணாடிப் பிளாங்க் செய்யும் விதத்தைச் சற்று நிதானித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் தேர்ந்தெடுக்கும் இரகசியம் அதிலேயே அடங்கியிருக்கிறது. அடி பருத்து நுனி சிறுத்த எஃகுத் தண்டு ஒன்றின்மேல், பிசின் ஊட்டிய கண்ணாடித் துணியை ஓலைப்பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுவர். அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றிச் சூளையில் வேகவைப்பர். வெந்தபின் தண்டை உருவிவிட்டால் உள்ளே துளையுடைய கோல் கிடைக்கும். துணியின் ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படியும் பக்கம் சற்று விறைப்பாயிருக்கும். அதைக் கோலின் முதுகெலும்பு என்பர். அறுகோண மூங்கிற்கோலில் பட்டைகளைப் பொருத்துவோன் பார்த்த பார்வையைக் கண்ணாடிக்கோலில் துணி சுற்றுவோன் பார்க்கவேண்டும். நாரின் திசையே கோலின் உயிர்.

1970-களின் தொடக்கத்தில் கரிநார் வந்தது. இங்கிலாந்தில் பார்ன்பரோ விமான ஆராய்ச்சிக்கூடத்தார் அதற்கு முந்திய பத்தாண்டிலேயே உறுதியான கரிநாரைச் செய்து காட்டியிருந்தனர். அது கண்ணாடியினும் இலேசானது; விறைப்பிலோ ஏறக்குறைய மூன்று மடங்கு. நாள் முழுதும் செயற்கை இரையை வீசி வீசி இழுப்பவருக்கு அதனினும் நல்லது இல்லை. ஆயினும் ஒரு கணக்கை மறக்கலாகாது. கண்ணாடி இழை அறுமுன் தன் நீளத்தில் நூற்றுக்கு நாலுக்கு மேல் நீளும்; சாதாரணக் கரிநார் இரண்டைச் சுற்றியே நின்றுவிடும். மூங்கிலைப்போல் வளைந்துகொடுத்து மன்னிக்கும் குணம் கண்ணாடிக்கு உண்டு; கரிக்கு இல்லை.

அந்தமான் கடலில் இந்த வேறுபாடு பெரிதாகும். அங்கே கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றாலே கடல் ஆழ்ந்துவிடுகிறது. பவளப்பாறையின் விளிம்பிலேயே பாரையும் களவாவும் இரை தேடுகின்றன. முள் பட்டதும் மீன் பாறைக்குள் பாயும். அதைத் தடுக்கக் கோலின் அடிப்பாகத்தில் விறைப்பு வேண்டும். மீன் படகுக்கு அடியில் வந்து நேர்கீழே இழுக்கும்போதோ கோல் அரைவட்டமாய் வளையவேண்டும். நான் ஒருமுறை களவா ஒன்றைப் படகோரம் கொண்டுவந்த மகிழ்ச்சியில் கரிநார்க் கோலைச் செங்குத்தாகத் தூக்கினேன். பாரமெல்லாம் நுனியில் ஏறிற்று. பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை, கையில் பாதிக்கோல். அதே இடத்தில் கண்ணாடிக்கோல் இருந்திருந்தால் என் அறியாமையைப் பொறுத்துக்கொண்டிருக்கும். கோலை விற்றவர்மேல் குறை சொல்ல இடமில்லை.

ஆகவே இளைஞருக்கு நான் கூறியது இது: வீசிப் பிடிக்கும் கோலுக்குக் கரி அல்லது இரண்டும் கலந்தது, இரையை ஆழத்தில் இறக்கிப் பிடிப்பதற்கும், படகின் பின்னே இழுத்துச் செல்வதற்கும் கண்ணாடி. ஆழத்துக்கு ஐந்தரை ஆறு அடிக்கு மேல் வேண்டா. கோல் நீள நீள நெம்புகோலின் ஆதாயம் மீனுக்கே சேரும். போராட்டம் நீண்டால், திரும்ப விடவேண்டிய மீன் களைத்துச் சுறாவுக்கு இரையாகும். ஆதலால் மென்மையே போதும் என்று நினைப்பதும் தவறு.

வாங்கும்போது கோலின் அடியைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கோணல் தெரியும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவை அழுத்தி உருட்டினால் ஓரிடத்தில் துள்ளும். முதுகெலும்பு அங்கே இருக்கிறது, வளையம் பூட்டும்போது அதைக் கணக்கிற் கொள்ளவேண்டும். பஞ்சினால் தடவினால் வெளிவந்த இழை பஞ்சைப் பற்றும். வெயிலில் கிடந்து பிசின் வெளுத்த கோல் அப்படித்தான் பற்றும். தீவு வெயிலுக்கு மேற்பூச்சு மிக அவசியம். பருத்தும் சுவர் மெலிந்தும் இருக்கும் கோல் கைக்கு இலேசாயிருக்கும், படகின் விளிம்பில் மோதினால் நசுங்கும். சிறுத்துச் சுவர் தடித்ததே படகுக்கு ஏற்றது. கடைசியாக, நரம்பு அறும் பாரத்தில் மூன்றிலொரு பங்கு எடையை நுனியில் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். வளைவு நுனியிலேயே நின்றுவிட்டால் வேண்டா. அடிவரை ஒழுங்காய் இறங்கி, அடி மட்டும் அசையாது நின்றால் அதுவே வேண்டியது.

இளைஞர் சென்னையிலிருந்து வரும் கப்பலில் இரண்டு கண்ணாடிப் பிளாங்குகளை வருவித்தார். ஒன்று தேறியது, மற்றொன்று கோணல். ஜங்லிகாட் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தேறிய கோலை வாங்கி, இருமுறை காற்றில் அசைத்துப் பார்த்தார். கோலே இல்லாமல் தங்கூசி நரம்பைக் கையிற் சுற்றிச் சூரையும் பாரையும் பிடித்தவர் அவர். விரலிடுக்கில் அதன் தழும்பு இருந்தது. நல்ல மூங்கில் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.