குரல் யாருடையது? காணொளிக் கவிதையும் இனவெறியும்



அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பின மக்கள் நெடுங்காலம் பெரும்பாலும் காட்டப்பட்டார்களே தவிர, பேசவிடப்படவில்லை. உருவம் அவர்களுடையது, அதற்குப் பொருள் சொன்ன குரல் பிறருடையது. காணொளிக் கவிதையின் அரசியலை இந்தப் பிளவிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

1989இல் மார்லன் ரிக்ஸ் ‘டங்ஸ் அன்டைட்’ என்ற காணொளிப் படத்தை எடுத்தார். ‘கட்டவிழ்ந்த நாவுகள்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். கறுப்பினத் தன்பாலீர்ப்பாளரான அவர், எசெக்ஸ் ஹெம்ஃபில் உள்ளிட்டோரின் கவிதைகளைக் கொண்டு அதைக் கட்டினார். ரிக்ஸ் கேமராவை நேராகப் பார்த்துத் தன் சிறுவயதைச் சொல்கிறார். இடையிடையே வசைச்சொல்லைத் துப்பும் வாய்கள் மட்டும் திரையை நிறைக்கின்றன. அந்த வாய்கள் நம்மைப் பார்த்துப் பேசுகின்றன. வசவு வாங்கியவரின் இடத்தில் பார்வையாளர் நிறுத்தப்படுகிறார்.

1991இல் பொதுத் தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. மறு ஆண்டு, குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்த பேட் புக்கானன், அதிலிருந்து சில நொடிகளை வெட்டித் தேர்தல் விளம்பரமாக்கினார். அதில் கவிதை இல்லை. வரிப்பணம் ஆபாசக் கலைக்குப் போகிறது என்று ஓர் அறிவிப்பாளர் குரல் குற்றம்சாட்டியது. குரலைப் பறித்தவுடன் அதே உருவம் எதிரியின் ஆயுதமாயிற்று.

கவிஞர் கிளாடியா ராங்கினும் ஒளிப்படக் கலைஞர் ஜான் லூக்காஸும் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 2006 ஜூலை 9, உலகக் கோப்பை இறுதியாட்டம். அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்த ஜிடேன், இத்தாலி வீரர் மாட்டராஸியைத் தலையால் முட்டினார். உலகம் முட்டியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. இவர்கள் அந்த நொடிகளை மெதுவாக்கி, ராங்கினின் குரலையும் ஃபனான், பால்ட்வின் போன்றோரின் சொற்களையும் அதன்மேல் வைத்தார்கள். முட்டுவதற்கு முன் நடந்தது என்ன என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

2014இல் வந்த ராங்கினின் ‘சிட்டிசன்’ நூலில் அவமதிக்கப்படுபவர் பல இடங்களில் ‘நான்’ அல்ல, ‘நீ’. கறுப்பின வாசகருக்கு அந்த ‘நீ’ பழைய காயத்தின் நினைவு. வெள்ளையருக்கோ சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோகக்கூடிய இருக்கை. இந்த வேறுபாட்டை மறைத்து, ‘நானும் உணர்ந்தேன்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது ஒற்றுமை ஆகாது.

நமக்கு இது அயல்நாட்டுக் கதையல்ல. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை அடித்தவர்களே அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். அச்சுறுத்துவதற்காக எடுத்த படம் அது. குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். அகமதாபாத்திலிருந்து ஊனாவரை நடந்தார்கள். படம் மாறவில்லை. அதன்மேல் ஒலித்த குரல் மாறியது. அதனால் பொருளும் மாறியது.

வன்கொடுமைக் காட்சி ஒன்று கைபேசிக்கு வரும்போது, மாணவத் தோழர்களே, அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடுத்தவர் யார்? பேசுபவர் யார்? அடிபட்டவர் பேச அதில் இடம் இருக்கிறதா?