மஞ்சளாகிப்போன கார் முகப்பு விளக்கு: தேய்த்துப் பளபளப்பாக்கினால் மட்டும் போதுமா?

அப்பாவின் பழைய மைவி இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் ஓகே, ஏர்கோன் ஓகே. ஆனால் முன்னால் நின்று பார்த்தால் முகப்பு விளக்குகள் இரண்டிலும் தேநீர்க் கறை படிந்ததுபோல் ஒரு மஞ்சள்.

"பார்க்க அசிங்கமா இருக்கு, அவ்வளவுதானே?" என்று விட்டுவிடாதீர்கள்.

தீபாவளிக்குக் கம்போங் திரும்பும் இரவை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே விநாடியில் சுமார் 30 மீட்டரைக் கடந்துவிடும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், தெருவிளக்கு கிடையாது. முன்னால் பின்விளக்கு மங்கிய ஒரு கப்சாய் போய்க்கொண்டிருக்கலாம். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் செல்வோர்தான். அவரை நீங்கள் ஒரு விநாடி முன்னதாகப் பார்ப்பதா, பின்னதாகப் பார்ப்பதா என்பதில் அந்த மஞ்சளுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் ஏஏஏ வாகனமோட்டிகள் சங்கம் 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மங்கி மஞ்சளான விளக்குகள், புதிய விளக்குகள் தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை மட்டுமே தந்தன.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான விளக்குகளை நீங்களே சரிசெய்யலாம். ஆனால் பலர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த மீதிப் பாதி என்ன?

தாத்தாவின் சாகா ஏன் மஞ்சளாகவில்லை?

1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். சாயம் மங்கியிருக்கும், துருகூடப் பிடித்திருக்கும். ஆனால் முகப்பு விளக்கு மஞ்சளாகி இருக்காது. காரணம், அது கண்ணாடி.

இப்போதைய கார்களில் நாம் 'கண்ணாடி' என்று சொல்வது உண்மையில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதற்கு மாறினார்கள்.

ஆனால் பாலிகார்பனேட்டுக்குச் சூரியனின் புறஊதாக் கதிர் ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய, கடினமான பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் போடுகிறார்கள். முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில், மழை, மணல், சாலைத் தூசு எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சைத் தேய்க்கின்றன. பூச்சு போன இடத்தில் கதிர்கள் நேராகப் பிளாஸ்டிக்கைத் தாக்குகின்றன. அது மஞ்சளாகிறது, நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. கார் எங்கே, எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகளிலேயே இதன் அறிகுறி தெரிய ஆரம்பிக்கலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு வெயில் ஆண்டு முழுவதும் உண்டு.

உங்கள் காரில் ஒரு விளக்கு மட்டும் கூடுதலாக மஞ்சளாகி இருக்கிறதா? தினமும் நிறுத்தும் இடத்தில் அந்தப் பக்கத்தில் வெயில் அதிகம் படுகிறதா என்று பாருங்கள்.

பிரகாசமான பல்பு மாட்டினால் சரியாகிவிடுமா?

ஆகாது. மங்கிய பிளாஸ்டிக் வெளிச்சத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை, சிதறவும் விடுகிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி மேலேயும் பக்கவாட்டிலும் போகிறது. பல்பின் சக்தியைக் கூட்டினால் சிதறும் ஒளியும் கூடும். உங்களுக்குச் சாலை தெளிவாகத் தெரியாது, எதிரே வருபவருக்கோ கண் கூசும்.

தரத்துக்கு ஒத்துவராத, கண்கூச வைக்கும் விளக்குகள்மீது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே நடவடிக்கை எடுத்துவருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

காரைக் கழுவித் துடைத்துவிட்டு, விளக்கை விரலால் தடவிப் பாருங்கள்.

• சொரசொரப்பாக, மஞ்சளாக இருந்தால் கோளாறு வெளிப்புறத்தில். தேய்த்துச் சரிசெய்யலாம்.

• தோல் உரிவதுபோல் திட்டுத் திட்டாக இருந்தால் பழைய பூச்சு உரிகிறது. இதையும் சரிசெய்யலாம். ஆனால் மிச்சமிருக்கும் பூச்சு முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

• உள்ளே நீர்த்துளிகள் நிற்கின்றனவா? விளக்கின் ஓரத்து அடைப்பு விட்டுப்போயிருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

• ஆழமான விரிசல், உட்புறத்தில் மஞ்சள், உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் கருத்துப்போனது: இவற்றுக்கு விளக்கை மாற்றுவதுதான் வழி.

பற்பசை, கொசு விரட்டி, ஆவி: எதை நம்பலாம்?

*பற்பசை:* கொஞ்சம் வேலை செய்யும். அதிலுள்ள நுண்துகள்கள் மேற்புறத்தை லேசாகத் தேய்த்துவிடும். ஆனால் அது பாதுகாப்புப் பூச்சு அல்ல. கொஞ்ச நாளில் மஞ்சள் திரும்பிவிடும்.

*கொசு விரட்டி ஸ்பிரே:* வேண்டவே வேண்டாம். பல கொசு விரட்டிகளில் இருக்கும் டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும். மேற்புறம் கரைந்து மழமழவென்று ஆவதால்தான் 'அடடா, கிளியர் ஆயிடுச்சே' என்று தோன்றுகிறது. உண்மையில் விளக்கு இன்னும் பலவீனமாகிறது. தெறிக்கும் துளிகள் காரின் சாயத்தையும் கெடுக்கலாம்.

*ஆவி முறை:* ஒரு குவளையில் திரவத்தைச் சூடாக்கி, வரும் ஆவியை விளக்கில் காட்டுவார்கள். சில விநாடிகளில் பளிச்சென்று ஆகும். காணொளியில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குப் பயன்படும் திரவங்களில் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசிப்பது ஆபத்து. வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

வீட்டிலேயே செய்வது எப்படி?

தேவையானவை: சாண்ட்பேப்பர் எனப்படும் உப்புத்தாள் (எண் 1000, 1500, 2000, 3000), மாஸ்கிங் டேப், தண்ணீர் ஸ்பிரே, பாலிஷ் கலவை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. இவற்றை ஒன்றாகச் சேர்த்த கிட்டும் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது அதில் அந்தக் கடைசிப் பூச்சு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாலிஷ் மட்டும் உள்ள கிட், பாதி வேலைக்கான கிட்தான்.

காலையில் ஆரம்பியுங்கள். நம் ஊரில் சாயங்கால இடிமழையை நம்ப முடியாது. நேர் வெயிலும் வேண்டாம், நிழலில் செய்யுங்கள். விளக்கு அணைந்து, ஆறியிருக்க வேண்டும்.

1. விளக்கைச் சவர்க்கார நீரால் கழுவுங்கள். மணல் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது கீறிவிடும்.

2. விளக்கைச் சுற்றியுள்ள சாயத்தின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். சாண்ட்பேப்பர் ஒருமுறை வழுக்கினால் போதும், பானெட்டில் கீறல் விழுந்துவிடும்.

3. 1000 எண் தாளை நனைத்து, தண்ணீர் அடித்துக்கொண்டே இடமிருந்து வலமாகத் தேயுங்கள். வழியும் நீர் முதலில் மஞ்சளாக இருக்கும். அது பழைய பூச்சும் கெட்டுப்போன பிளாஸ்டிக்கும் கரைந்து வருவது. நீர் வெள்ளையாகும்வரை விடாதீர்கள்.

4. அடுத்து 1500, பிறகு 2000, கடைசியாக 3000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடுகள் மறைந்துவிட்டனவா என்று அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கு பனிமூட்டம்போல் வெள்ளையாகத் தெரியும். 'ஐயோ, கெடுத்துட்டோமே' என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

5. பாலிஷ் கலவையைத் துணியில் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். இப்போது தெளிவு திரும்பும்.

6. ஆல்கஹாலால் நன்றாகத் துடையுங்கள். பாலிஷின் எண்ணெய் மிச்சமிருந்தால் பூச்சு ஒட்டாது.

7. பாதுகாப்புப் பூச்சைப் போடுங்கள். துடைத்துப் பூசும் வகையாக இருந்தால் ஒரே திசையில், சீராக இழுங்கள். காயும் இடத்தில் திரும்பத் திரும்பத் தொட்டால் கோடு விழும். போத்தலில் எழுதியிருக்கும் நேரம்வரை மழையும் தண்ணீரும் படக்கூடாது.

இரண்டு கலவைகள் சேரும் '2கே' ஸ்பிரே பூச்சு அதிகம் தாங்கும். ஆனால் அதில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண முகக்கவசம் போதாது. அதற்குரிய சுவாசக் கருவி இல்லையென்றால் அதைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். சில ஸ்பிரே பூச்சுகள் அதிகம் மழமழப்பான பரப்பில் சரியாகப் பிடிக்காது. எந்த எண் தாளோடு நிறுத்த வேண்டும் என்பதற்குப் போத்தலில் உள்ள குறிப்பைப் பின்பற்றுங்கள்.

ஏன் 7ஆவது படி அவ்வளவு முக்கியம்?

3ஆவது படியில் நீங்கள் மஞ்சளை மட்டும் எடுக்கவில்லை. மிச்சமிருந்த தொழிற்சாலைப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிட்டீர்கள். இப்போது உங்கள் விளக்கு வெறும் பிளாஸ்டிக்.

அதை அப்படியே வெயிலில் விட்டால், புதிய கார் பல ஆண்டுகளில் மஞ்சளாவதைப் பட்டறை வாசலில் பளபளவென்று நின்ற உங்கள் விளக்கு சில மாதங்களிலேயே செய்துவிடும். "போன வருஷம்தான் பாலிஷ் பண்ணேன், மறுபடியும் இப்படி ஆயிடுச்சு" என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம்.

எனவே பட்டறையில் கொடுத்தாலும் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "பாலிஷுக்கு அப்புறம் யூவி கோட்டிங் போடுவீங்களா?" பதில் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

புதுப்பிப்பதா, மாற்றுவதா?

புதுப்பித்தால் விளக்கு புத்தம் புதிதாகிவிடாது. ஏஏஏவின் அதே சோதனையில், புதுப்பித்த விளக்குகள் புதியவற்றின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் தந்தன. 20க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் பெரிது. செலவும் புது விளக்கைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால் இரவில் அதிகம் ஓட்டுபவர், உங்கள் விளக்கு ஏற்கெனவே பலமுறை தேய்க்கப்பட்டது, உள்ளேயும் கெட்டுவிட்டது என்றால் தயாரிப்பாளரின் அசல் விளக்கை மாற்றுவதே நல்லது. மாற்றிய பிறகு ஒளி விழும் உயரத்தைப் பட்டறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். காரை விற்கும் எண்ணம் இருந்தாலும் விளக்கைக் கவனியுங்கள். பெயர் மாற்றத்துக்கு முந்திய வாகனப் பரிசோதனையில் விளக்குகளையும் பார்ப்பார்கள்.

மறுபடி மஞ்சளாகாமல் இருக்க

• முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் பிற்பகல் வெயில் காரின் பின்பக்கத்தில் படும்படி நிறுத்துங்கள்.

• கார் கழுவும்போது விளக்கையும் சவர்க்கார நீரால் கழுவுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் துடைப்பது சாண்ட்பேப்பரால் தேய்ப்பதற்குச் சமம்.

• புறஊதாத் தடுப்புள்ள வேக்ஸை அவ்வப்போது பூசுங்கள்.

• நீண்ட நாள் பாதுகாப்பு வேண்டுமா? நிறமில்லாத பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். ஸ்டைலுக்காகக் கருப்புப் படலம் ஒட்ட வேண்டாம். கஷ்டப்பட்டு மீட்ட வெளிச்சத்தை நீங்களே மூடிவிடுவீர்கள்.

இன்றிரவே ஒரு சோதனை

ஒரு சுவரிலிருந்து சுமார் 5 மீட்டர் தூரத்தில் காரை நிறுத்தி, சாதாரண விளக்கைப் போடுங்கள். சுவரில் வெளிச்சம் முடிந்து இருட்டு ஆரம்பிக்கும் கோடு தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் இப்போதைக்குக் கவலையில்லை.

கோடே இல்லாமல் மஞ்சள் புகைபோல் கலங்கித் தெரிந்தால், இந்த வார இறுதியில் ஒரு காலைப் பொழுதை விளக்குகளுக்காக ஒதுக்குங்கள். அடுத்த முறை தோட்டத்துச் சாலையில் போகும்போது முன்னால் போகும் அந்தக் கப்சாய் உங்கள் கண்ணில் நேரத்தோடு படட்டும்.