தூரிகை எழுத்தும் அச்செழுத்தும்

ஓலையில் எழுத்தாணி கீறிய நாளில் தமிழெழுத்து ஒரே கனமுள்ள கோடாகவே இருந்தது. தடிப்பும் மெலிவும் தந்தது தூரிகை. மேலைநாட்டார் அவ்வழகை ஈயத்திலேயே வார்த்தனர். 1942இல் அமெரிக்காவில் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' எழுத்துரு வெளிவந்தது. 1953இல், புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதே, மார்சேய் நகரின் ஒலீவ் வார்ப்பகத்திற்காக எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தையே 'மிஸ்த்ரால்' ஆக்கினார். எழுத்தோடு எழுத்து இணைந்தோட வார்த்ததே அதன் அருமை.

தமிழிலோ அப்பணி ஓவியர் கையிலேயே நின்றது. கே. எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் தீட்டிய தலைப்புகளில் எழுத்தே ஓவியமாயிற்று. பின்னாளில், நம் பிள்ளைச்சாவடிக்கு அண்மையிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராய் விளங்கிய கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த கோட்டோவியங்களை அறியாதார் நம் வட்டத்தில் இலர்.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் 'லை', 'னை' முதலியவற்றின் துதிக்கையை நீக்கியது. அச்சுக்கோப்பார்க்கு அது எளிமை. தூரிகைக்கோ அவ்வளைவு ஒருநாளும் சுமையன்று என்பேன்.

கணினி எழுத்துருவில் பத்து அகரம் வந்தால் பத்தும் ஒன்றே. கையால் தீட்டிய தலைப்பில் இரு ககரமும் இரு பிறவி. ஓர் எழுத்திற்குப் பல மாற்றுருவங்களை வைத்து அவை முறைமாறி வரச் செய்யும் வசதி இன்றைய எழுத்துருக்களில் உண்டு. பாவலர் நூல்களின் தலைப்புக்கு அவ்வசதியை நிறையப் பயன்கொள்ளும் தமிழ்த் தூரிகை எழுத்துருக்களையே நாம் கேட்டுப் பெறவேண்டும்.