ஓட்டைத் தாழியும் மாட்டுக் கொட்டகையும்

சட்டப் புத்தகத்தில் கதை தேடுகிறவர்கள் குறைவு. நான் தேடுவதுண்டு. இரண்டு பேர் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்தானே வழக்கு? வழக்கு இருக்கும் இடத்தில் கதையும் இருக்கும். குத்தகைக்கு நிலம் விட்டவனும் எடுத்தவனும் இழுத்துக்கொண்ட கதை மிகப் பழையது. அதுவும் நிலத்துக்காக அல்ல, அதோடு சேர்ந்த தட்டுமுட்டுகளுக்காக. உடைந்தால் யார் செப்பனிடுவது? புதிதாகக் கட்டினால் யாருக்குச் சொந்தம்?

ரோமாபுரியில் இதற்கு விடை சொன்னவர் நெராட்டியஸ் என்ற சட்ட நிபுணர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர். அரிஸ்டோ என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தை உல்பியன் என்ற பிற்கால நிபுணர் எடுத்துக் காட்டினார். 533-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட தொகுப்பில் அது இடம்பெற்று, இன்றுவரை பிழைத்திருக்கிறது.

கடிதத்தைப் பார்த்தால் ஒரு குடியானவனின் கொல்லைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். ஒலிவப் பழத்தை அரைக்கும் ஆலையையும், பிழியும் மரத்தையும், வடக்கயிறு உட்பட நிலத்துக்காரன் கொடுக்கவேண்டும். மரம் பழுதானால் அவன்தான் செப்பனிடவேண்டும். வெந்நீருக்கு வெண்கலக் கொப்பரையும், திராட்சை மது ஊற்றி வைக்கும் தாழிகளும் அவன் பொறுப்பு. பழத்தை வைத்துப் பிழிகிற கூடைகளைக் குத்தகைக்காரன் வாங்கிக்கொள்ள வேண்டும். தாழிக்குள் தார் பூசுவதும் அவன் வேலை. அவனுடைய கவனக்குறைவால் ஏதேனும் கெட்டால் அவனே பதில் சொல்லவேண்டும். இருவரும் வேறுவிதமாகப் பேசி வைத்திருந்தால் அந்தப் பேச்சே செல்லும்.

நீண்ட நாள் நிற்பது உடையவனுக்கு. பருவத்துக்குப் பருவம் தேய்வது பயிரிடுகிறவனுக்கு. இதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஓட்டைத் தாழியைப் பற்றிய விதி இன்னும் அழகு. ஓட்டை இருப்பதே தெரியாமல் கொடுத்திருந்தாலும், ஒழுகிப்போன மதுவுக்கு உடையவன்தான் ஈடு செய்யவேண்டும். “எனக்குத் தெரியாதே!” என்ற சாக்கு எடுபடாது. ரோமாபுரி ஒன்றும் தர்மராஜ்யம் அல்ல. அடிமைகளை வாங்கி விற்ற ராஜ்யம். அங்கேகூட இவ்வளவு யோசனை இருந்தது.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். லிங்கன்ஷயர் ஜில்லாவில் ஒருவன் 21 வருஷக் குத்தகைக்கு ஒரு பண்ணையை எடுத்தான். தன் சொந்தப் பணத்தில் மாட்டுக் கொட்டகை, வண்டிக் கொட்டகை, விறகு அறை, தச்சுப் பட்டறை எல்லாம் கட்டினான். கெடு முடியுமுன் அவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு, நிலத்தை வாங்கியபோது இருந்தபடியே விட்டுப் போனான். நிலத்துக்காரர் வழக்குத் தொடர்ந்தார். 1802-ல் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு தீர்ப்புச் சொன்னார்: வியாபாரத்துக்காக வைத்ததை எடுத்துப் போகலாம்; உழவுக்காகக் கட்டியதை எடுக்கக்கூடாது! சவர்க்காரம் காய்ச்சுகிறவன் தன் தொட்டிகளைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று 1703-லேயே அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. சவர்க்காரத்துக்கு ஒரு நியாயம், சாணத்துக்கு ஒரு நியாயம்.

அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்ட அடுத்த பண்ணைக் குத்தகைக்காரன் என்ன நினைத்திருப்பான்? நான் கதாசிரியன், ஊகிக்க எனக்கு உரிமை உண்டு. செங்கல்லுக்காக எடுத்து வைத்திருந்த பணத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பான்.

பூட்டைத் திறக்கப் பார்லிமெண்டுக்கு வெகுகாலம் பிடித்தது. நிலத்துக்காரர் எழுத்துமூலம் சம்மதித்தால், கட்டியதை எடுத்துப் போகலாம் என்றது 1851-ஆம் வருஷத்துச் சட்டம். 1875-ல் நஷ்டஈட்டுக்கு வழி செய்தார்கள். ஆனால் ‘இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவும் இடம் விட்டார்கள். நிலத்துக்காரர்கள் விடுவார்களா? அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க 1883-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. கடைசியில் 1948-ல், வேறு ஏற்பாடு எழுத்தில் இல்லாவிட்டால் யார் எதைப் பழுதுபார்ப்பது என்று ஒரு ஜாபிதாவே போட்டார்கள். கூரையும் பிரதான சுவர்களும் நிலத்துக்காரருக்கு. வேலியும் வாய்க்காலும் குத்தகைக்காரருக்கு. 2015-ல் இங்கிலாந்தில் அதைப் புதுப்பித்தபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. நெராட்டியஸ் கண்டால், “இதைத்தானே நானும் எழுதினேன்?” என்று கேட்டிருப்பார்.

நாளைக்குத் தன்னுடையதாக இருக்காது என்று தெரிந்த சுவரில் எவனும் ஆணி அடிக்கமாட்டான். அதற்காக அவனைச் சோம்பேறி என்பதில் அர்த்தமில்லை. உடையவனும் குத்தகைக்காரனும் வருஷக்கணக்கில் வழக்காடலாம். அதுவரை மழையில் நனைவது மாடு. அது எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை.