நாயும் வெள்ளமும்: நகர்மன்றத் தீர்மானங்களின் சட்ட வரலாறு

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகர மன்றக் கூட்டத்திலும் இரண்டு புகார்கள் தவறாமல் எழும். வார்டில் தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்று. தெருநாய்த் தொல்லை தாங்க முடியவில்லை என்பது மற்றொன்று. தலைவர் பதில் சொல்வார், ஆணையாளர் குறித்துக்கொள்வார், தீர்மானமும் நிறைவேறும். மறு ஆண்டு அதே உறுப்பினர் எழுந்து அதே புகாரைச் சொல்வார். அலட்சியம், ஊழல், நிதிப் பற்றாக்குறை என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை உண்டு. ஆனால் மன்றத்தில் உட்கார்ந்து பேசுபவர்களே அதிகம் கவனிக்காத காரணம் ஒன்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. நாயைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு முதலில் தரப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டது. வெள்ளத்தைப் பற்றிய அதிகாரமோ அதன் கைக்கு வரவே இல்லை. இந்த இரண்டு பாதைகளையும் 1858 முதல் 2025 வரை தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1884: ஒரே ஆண்டில் மூன்று சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் வெள்ளத் தடுப்புக்கென வந்த சட்டம் நகராட்சிச் சட்டங்களைவிட மூத்தது. 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டமான சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் சுற்றியுள்ள ஊர்க்காரர்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க வழிசெய்தது. ஏரி, வாய்க்கால் பராமரிப்பில் வழக்கமாக இருந்துவந்த குடிமராமத்து உழைப்பையும் அதே சட்டம் சட்டக் கடமையாக மாற்றியது. ஊர் தானாகச் செய்துவந்த வேலையை அரசு தன் ஆணையாக எழுதிக்கொண்டது என்று இதைப் படிக்கலாம். ஏரியின் மீது ஊருக்கு இருந்த உரிமையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

நகரங்களுக்கான சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1865இல் நகர மேம்பாட்டுச் சட்டம், 1871இல் அதன் திருத்திய வடிவம், 1882இல் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம், அதன் விளைவாக 1884இல் மாவட்ட நகராட்சிச் சட்டம். சாலை, விளக்கு, குடிநீர், துப்புரவு, அம்மை குத்துதல் போன்றவை நகராட்சியின் பொறுப்புகள் ஆயின.

1884ஆம் ஆண்டின் சென்னைச் சட்டங்களை எண் வரிசையில் பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படும். நான்காவது சட்டம் நகராட்சிகளுக்கானது. ஐந்தாவது சட்டம் கிராமப் பகுதிகளின் தலவாரியங்களுக்கானது. ஆறாவது சட்டம் ஆறுகளின் பாதுகாப்புக்கானது. இந்த ஆறாவது சட்டத்தின்படி, ஆற்றின் எல்லையை வரையறுப்பதும் அதன் போக்கைத் தடுக்கும் கட்டுமானங்களைத் தடை செய்வதும் அரசின் வேலை. தெருச் சாக்கடையை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்த அதே ஆண்டில், அந்தச் சாக்கடை போய்ச் சேரும் ஆற்றை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சியாக இதை நான் பார்க்கவில்லை. நீர் என்றால் பாசனம், பாசனம் என்றால் வரி என்று கணக்குப் பார்த்த நிர்வாகத்துக்கு அது இயல்பான பிரிவினை. ஆனால் அன்று போட்ட கோடு இன்றுவரை அழியவில்லை.

நாயின் பாதை

நாய் விஷயத்தில் அரசுக்கு அப்படி ஓர் அக்கறை இருக்கவில்லை. நாயால் வருமானம் இல்லை, தொல்லை மட்டும்தான். ஆகவே அது நகராட்சியின் தலையில் விழுந்தது. தெருவில் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்லும் அதிகாரம் உள்ளாட்சிகளிடம் இருந்தது. சென்னையில் மாநகராட்சியின் நாய் பிடிக்கும் பணி 1860லேயே தொடங்கியதாகப் புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நாய் வண்டி வந்த நாளில் வளர்ப்பு நாயை வீட்டுக்குள் இழுத்துக் கட்டும் பழக்கம் பல ஊர்களில் இரண்டு தலைமுறை முன்புவரை இருந்தது.

இந்தக் கடுமைக்குப் பின்னால் இருந்தது வெறிநாய்க்கடி பற்றிய அச்சம். 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தெற்கே கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். நீலகிரியில் 1902இல் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்த பிறகு, தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பங்கு அதற்குப் போனது. பிறகு டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய நரம்புத் திசுத் தடுப்பூசி நாடெங்கும் பரவி, தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியாகப் பல தலைமுறைகளின் நினைவில் தங்கிவிட்டது. கடித்த பின் செய்ய வேண்டிய மருத்துவத்துக்கு மாகாண அளவில் நிறுவனம் எழுந்தது. கடிக்கும் முன் செய்ய வேண்டியது நாய் வண்டியோடு நகராட்சியிடமே நின்றது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் அலுவலகமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. இவ்வளவுக்கும் அந்தச் சட்டம் தெருநாய்களைக் கொல்வதைத் தடை செய்யவில்லை. மரணக் கூண்டிலோ விதிக்கப்பட்ட வேறு முறையிலோ கொல்வது வதையாகாது என்று விலக்கே தந்தது. அதாவது 1960இலும் நகராட்சியின் அதிகாரம் அப்படியே இருந்தது.

கொல்வதால் பயன் இல்லை என்ற வாதம் புளூ கிராஸிடமிருந்து வந்தது. கொன்ற இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும், இருப்பவை இன்னும் வேகமாகப் பெருகும், ஆகவே கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது அது. கொல்லும் முறை கைவிடப்படும் முன் சென்னையில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது சின்னி கிருஷ்ணா தரும் கணக்கு. மாநகராட்சி 1996இல் கருத்தடை முறைக்கு மாறியது. ஓர் உள்ளாட்சி தன் அனுபவத்திலிருந்தும் உள்ளூர் அமைப்பு ஒன்றின் வற்புறுத்தலிலிருந்தும் எடுத்த முடிவு இது. பின்னால் நடந்ததோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு முக்கியமானது.

2001 டிசம்பரில் ஒன்றிய அரசு நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. சென்னையின் சோதனை அந்த நாளோடு நாடு முழுமைக்கும் கட்டாயமானது. விதிகளின் கடைசிப் பகுதியில் இருந்த ஓர் ஏற்பாட்டைத்தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். மாநிலமோ உள்ளாட்சியோ இதே பொருளில் செய்த சட்டமும் துணைவிதியும் விலங்குக்கு இந்த விதிகளைவிடக் குறைவான தொல்லை தந்தால் செல்லும்; கூடுதலான தொல்லை தந்தால் செல்லாது. நகர்மன்றம் ஒரே ஒரு திசையில்தான் துணைவிதி செய்யலாம் என்பதே இதன் பொருள். விவாதிக்க இடம் உண்டு, முடிவு முன்பே எழுதப்பட்டாயிற்று.

இதே 1960 சட்டத்தை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மெரினா போராட்டத்துக்குப் பிறகு 2017இல் தமிழ்நாடு அந்தச் சட்டத்தையே தன் எல்லைக்குள் திருத்திக் காளையை மீட்டுக்கொண்டது. விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலின் 17ஆம் பதிவில் இருப்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது இயன்றது. நாய்க்காக யாரும் கடற்கரையில் கூடவில்லை.

2023 மார்ச்சில் நாய்க் கருத்தடைக்குப் புதிய விதிகள் வந்தன. கருத்தடைப் பணியைச் செய்ய வாரியத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும், அறுவை அரங்கும் கூண்டுகளும் வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாநகராட்சிக்கு இது கஷ்டமான வேலை. தனியாக ஒரு கால்நடை மருத்துவர்கூட இல்லாத பேரூராட்சிக்கோ ஏறக்குறைய இயலாத வேலை. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் மாநகராட்சிகள் 21, நகராட்சிகள் 138, பேரூராட்சிகள் சுமார் 490. விதியை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது முதல் வகை.

வெள்ளத்தின் பாதை

வெள்ளத்தைப் பொறுத்தவரை கதை சுருக்கமானது; ஆனால் சிக்கல் பெரியது. அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் நீர், வடிகால், கரை ஆகியவை ஒரே பதிவில் இருக்கின்றன. அதன் எண்ணும் தற்செயலாக 17தான். 1992இல் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்தபோது, அவற்றுக்கு வழங்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் வெள்ளத் தடுப்பும் இல்லை, ஏரி குளமும் இல்லை. துப்புரவு, பொதுச் சுகாதாரம் என்ற சொற்களுக்குள் சாக்கடையை நாமே வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். அதே வேளையில் 15ஆவது இனமாக, கால்நடைப் பட்டியோடு சேர்த்து விலங்குவதைத் தடுப்பு இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையிலோ சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்பு மேம்பாடு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. கிராமம் நகரமாகத் தரம் உயர்ந்த அன்று, தன் ஏரியைப் பற்றிப் பேசும் அரசமைப்பு ஆதாரத்தை இழந்துவிடுகிறது.

இதன் நடைமுறை விளைவைச் சிறுநகரத்து வடிகாலின் வழியே நடந்தால் பார்க்கலாம். தெரு வடிகால் நகராட்சியுடையது. அது போய்ச் சேரும் பெரிய சாலையின் வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்கு அப்பால் உள்ள ஓடை வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. முடிவில் வரும் ஏரி 2021 வரை பொதுப்பணித் துறையுடையது, அதற்குப் பிறகு நீர்வளத் துறையுடையது. தண்ணீர் நான்கு அலுவலகங்களைக் கடந்தாக வேண்டும். மன்றத் தீர்மானம் முதல் அலுவலகத்தின் வாசலோடு நின்றுவிடும்.

ஏரிகளைக் காக்க 2007இல் தமிழ்நாடு ஒரு தனிச்சட்டம் இயற்றியது. எல்லையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்யும் அந்தச் சட்டம், பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. நகருக்குள் இருக்கும் சின்னக் குளங்களும் ஊருணிகளும் அந்த வரையறைக்கு வெளியே நின்றன. அந்த இடைவெளியைச் சட்டமன்றம் அடைக்கவில்லை. நீதிமன்றம்தான் அடைக்க வேண்டியிருந்தது. 2005இல் ஓடைப் புறம்போக்கு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய வழியை, 2015இல் அதன் முழு அமர்வு எல்லா நீர்நிலைகளுக்கும் உரியதாக உறுதிசெய்தது. சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். வெள்ளத்திலிருந்து ஊர்கள் பாடம் கற்க வேண்டிய ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் மன்றமே இல்லை, தனி அலுவலர்கள் இருந்தார்கள். 1991 முதல் 1996 வரையிலும் இப்படித்தான். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று ஆராயும் எந்தக் கட்டுரையும், கூட்டமே நடக்காத இந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாமல் முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுதும் பெய்வதைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை கடந்தது, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்த அளவு மழைக்கு எந்த நகராட்சியின் வடிகாலும் ஈடு கொடுத்திருக்காது. அதற்காகக் காயல்பட்டினம் மன்றத்தைக் குறைசொல்வது நியாயமல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஊருக்கு மேலே உள்ள குளங்களின் கரையைப் பற்றி, மழைக்கு முன்பு அந்த ஊர் மன்றம் ஒரு கேள்வி எழுப்பியிருந்தால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? சட்டப்படி ஒருவரும் இல்லை. பேரிடர் மேலாண்மையில் முடிவெடுப்பது ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையம்.

நாயை இழந்து வெள்ளத்தைப் பெறாத நகராட்சியிடம் எஞ்சியிருப்பது பன்னிரண்டாம் அட்டவணையின் இரண்டாவது இனம்: நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். உண்மையான வெள்ளத் தடுப்புச் சட்டம் அதுதான். தாழ்வான நிலத்தில் மனை போடாதே என்று சொல்ல முடிந்த ஊர் பாதி வெள்ளத்தைத் தடுத்துவிடும். ஆனால் அங்கேயும் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் போகிறது. கட்டட அனுமதியை ஆணையாளர் தருகிறார். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு வரன்முறை கிடையாது என்றாலும், எந்த மனை நீர்நிலையில் விழுகிறது என்று தீர்மானிப்பது அதிகாரிகளின் கோப்பில் நடக்கும் வேலை, மன்றத்தில் அல்ல.

103 ஆண்டுகள் ஆண்ட 1920 சட்டம் 2023 ஏப்ரலில் விடைபெற்று, 1998இன் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாயின் மீதோ நீரின் மீதோ இருந்த கோடுகளை அதுவும் மாற்றி வரையவில்லை. 2025இல் இரண்டும் இன்னும் விலகின. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களுக்கும் தனி நகர்ப்புற ஆணையம் அமைக்க வழிசெய்தது; நகராட்சியும் பேரூராட்சியும் அதில் இல்லை. நாய் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22 அன்று அதைத் தளர்த்தி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் பழைய இடத்திலேயே விடச் சொல்லி, வழக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த இடங்களைச் சோதிக்கும் பொறுப்பை அந்த ஆணை தந்திருப்பது உள்ளாட்சிகளுக்கு. காப்பகத்துக்கான நிலத்தையும் பணத்தையும் அவை வேறெங்கோ கேட்டு வாங்க வேண்டும்.