சம்பளம் இல்லாத டீச்சர்கள்

புதுச்சேரிக்கு மேற்கே, மண்ணாடிப்பட்டு கொம்யூன்ல, சுத்துக்கேணின்னு ஒரு ஊர் இருக்கு. தொல்லியல் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரியும். கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இங்கே கண்டெடுத்த பழைய ஈமத்தாழிகளைப் பற்றிய நூல் 1956-ல் பாரிஸில் வெளிவந்தது. மண்ணுக்குள்ள இருந்த பானைக்குப் படமும் அளவும் எழுதி வச்சிருக்கோம். ஆனா சுமார் 35 வருஷம் முன்னாடி, இந்த மாதிரி கிராமங்கள்ல சாயங்காலமானா தெருவில் பாய் விரிச்சு எழுத்து சொல்லிக்கொடுத்தவங்க பேரை எங்கே எழுதி வச்சோம்? இன்னைக்கு அவங்க கதை.

1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தை ஆரம்பிச்சது. 1990 பிப்ரவரியில், கேரளாவின் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையிலதான் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுவை அறிவியல் இயக்கத்துக்காரங்க முன்னால நின்னாங்க. அடுத்து 1991-ல் புதுக்கோட்டை. அங்கே 9 வயசுல இருந்து 45 வயசு வரைக்கும் சேர்த்துக்கிட்டாங்க. அதாவது, ஸ்கூலை விட்டு ஆடு மேய்க்கப் போன பிள்ளையும் அதோட அம்மாவும் ஒரே விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்து படிக்கலாம்.

பாடம் எப்படி நடந்தது? எழுத்துகளை வரிசையா மனப்பாடம் பண்ண வைக்கலை. பட்டா மாதிரி தினம் காதுல விழுற ஒரு சொல்லை எடுத்தாங்க. பட்டா யார்கிட்ட இருக்கு, நம்மகிட்ட ஏன் இல்லன்னு பேச்சு போகும். அதுக்கப்புறம்தான் எழுத்து. பிரேசில்ல பாவ்லோ ஃப்ரெய்ரே 1960-களில் விவசாயக் கூலிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழியும் இதுதான்.

இப்போ முக்கியமான விஷயம். புத்தகம், சிலேட்டு, விளக்கு எல்லாத்துக்கும் அரசு காசு கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவங்களுக்குச் சம்பளம் கிடையாது. அவங்கள்ல நிறைய பேர் பத்தாவதோ பிளஸ் டூவோ முடிச்சு வீட்ல இருந்த இளம்பெண்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொண்ணு வீட்டை விட்டு இறங்கி, ஊர்த்தெருவைத் தாண்டி காலனிக்குப் போய் பாடம் எடுக்கிறது அந்தக் காலத்துல சின்ன விஷயமில்ல. புதுக்கோட்டையில் இந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமா சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்கு ஊக்கம் கொடுத்தார். எழுத்தறிவு இயக்கத்துல இருந்து பொறந்த அந்தச் சைக்கிள் கதையைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, உலகமே படிச்சது.

அப்புறம்? இயக்கம் முடிஞ்சது. கல்யாணமாகி, வேலை கிடைச்சு, தொண்டர்கள் கலைஞ்சாங்க. தொடர்ந்து படிக்க ஆளும் புத்தகமும் இல்லாத ஊர்கள்ல கத்துக்கிட்ட எழுத்து மெல்ல மறந்தும் போச்சு. தொண்டர் பள்ளிகளோட பலமும் பலவீனமும் ஒண்ணுதான்: அது ஆளை நம்பி நிக்குது.

2021 அக்டோபர் 27-ஆம் தேதி, மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. கொரோனாவால் ஸ்கூல் மூடினதுல பின்தங்கின, ஒண்ணாவது முதல் எட்டாவது வரை படிச்ச பிள்ளைகளுக்கு அப்போ மாலை வகுப்பு ஆரம்பிச்சாங்க. அந்த முறை தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுத்தாங்க. மறுபடியும் பெரும்பாலும் பெண்கள். ஒண்ணுமில்லாததுக்கு ஆயிரம் பரவாயில்லைன்னு சொல்லலாம். ஆனா பிள்ளைகளோட ஒரு தலைமுறைப் படிப்பைத் தூக்கி நிறுத்துற வேலைக்கு நாம வச்ச விலை அதுதானான்னு எனக்குத் தோணுது. தொண்டு உள்ளம் பெருசுதான். அதைக் காட்டி, நிரந்தர டீச்சர் போட வேண்டிய இடத்தைக் காலியா விடக்கூடாது.

உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். உங்க அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது அறிவொளியில பாடம் எடுத்தாங்களான்னு கேளுங்க. புதுச்சேரி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தம் இருந்தா கட்டாயம் கேளுங்க. எந்தத் தெரு, எத்தனை பேர் படிச்சாங்க, வீட்ல என்ன சொன்னாங்கன்னு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அவங்களுக்கு இப்போ வயசு அறுபதை நெருங்குது. தள்ளிப் போடாதீங்க.